50 மில்லிமீட்டர் தகராறு

பிராக்டிகல் ஷூட்டிங் ஆட்கள் நாலு பேர் ஓரிடத்தில் சேர்ந்தால், பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் ஹோல்ஸ்டரில் வந்து நிற்கும். துப்பாக்கியைப் பற்றிக்கூட இவ்வளவு காரசாரமாகப் பேச மாட்டார்கள். தோட்டாவின் எடை, குறிபார்க்க உதவும் ரெட் டாட், டிரிகரின் கனம் எல்லாம் அவரவர் இஷ்டம் என்று விட்டுவிடுவார்கள். இடுப்பில் மாட்டும் உறை மட்டும் எப்படியோ மானப் பிரச்சினை ஆகிவிடும். "அது ரேஸ் ஹோல்ஸ்டர்." "பெல்ட்டை விட்டு எவ்வளவு தள்ளி நிற்கிறது பாருங்கள்." "இடுப்பெலும்புக்கு முன்னால் வந்துவிட்டது." "இதை மாட்டிக்கொண்டு எவனாவது தெருவில் போவானா?"

நான் இந்தச் சண்டையில் இரண்டு பக்கமும் நின்றிருக்கிறேன். போட்டியாளனாகப் பெல்ட்டைக் கட்டிக்கொண்டும், நடுவர் வேலை பார்க்கும் ரேஞ்ச் ஆபீசராகக் கையில் டைமரோடும். ஆபீசராக நின்ற பிறகுதான் ஒன்று உறைத்தது. ஹோல்ஸ்டர் விதி என்று நாம் மொத்தமாகச் சொல்வதில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று கவலைகள் கலந்து கிடக்கின்றன. யாருக்கும் குண்டடி படக் கூடாது என்பது ஒன்று. யாரும் சாமான் பலத்தில் ஜெயித்துவிடக் கூடாது என்பது இன்னொன்று. இது ‘நிஜ வாழ்க்கை’ போலத் தெரிய வேண்டும் என்பது மூன்றாவது. வாதம் செய்கிறவர் ஒரு கவலையில் ஆரம்பித்து இன்னொன்றில் முடிப்பார். கேட்கிறவர் மூன்றாவதில் நின்று பதில் சொல்வார். அப்புறம் எப்படி முடியும்?

பழக்கமில்லாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒலிம்பிக்கில் பார்ப்பதுபோல ஒரே இடத்தில் மூச்சடக்கி நின்று ஒரு வட்டத்தைச் சுடும் விளையாட்டு இல்லை இது. ஸ்டேஜ் எனப்படும் ஒவ்வொரு சுற்றிலும் அட்டை இலக்குகளும் இரும்புத் தகடுகளும் சுவர்களுக்குப் பின்னால், ஜன்னல்களுக்கு அப்பால் என்று விதவிதமாக நிறுத்தப்பட்டிருக்கும். டைமர் பீப் அடித்ததும் துப்பாக்கியை உருவி, ஓடி, நின்று, சில இடங்களில் மண்டியிட்டுச் சுட்டு முடிக்க வேண்டும். எடுத்த புள்ளிகளை எடுத்துக்கொண்ட நேரத்தால் வகுத்தால் வருவது ஹிட் ஃபேக்டர். பெரும்பாலான ஸ்டேஜ்களில் பீப் அடிக்கும்போது துப்பாக்கி உறையில்தான் இருக்கும். ஆகவே முதல் குண்டுக்கு ஆகும் நேரத்தில் ஹோல்ஸ்டருக்கும் பங்கு உண்டு. உலகத் தரத்தில் சுடுகிறவர்கள் பீப் சத்தத்திலிருந்து முதல் குண்டு வரைக்கும் ஒரு விநாடியை ஒட்டியே எடுத்துக்கொள்வார்கள். அந்த ஒரு விநாடிக்குள்தான் இத்தனை சண்டையும்.

ஆரம்பத்தில் இது இப்படி இல்லை. 1950-களில் கலிஃபோர்னியாவின் தென்பகுதியில் துப்பாக்கிப் பயிற்சியாளர் ஜெஃப் கூப்பரும் கூட்டாளிகளும் நடத்திய போட்டிகளில் வேர் பிடித்த விளையாட்டு இது. 1976 மே மாதம் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் கொலம்பியா என்ற ஊரில் கூடிய மாநாட்டில் இந்த விளையாட்டின் சர்வதேசக் கூட்டமைப்பான ஐபிஎஸ்சி பிறந்தது. கூப்பர் முதல் தலைவர். துல்லியம், வலு, வேகம் மூன்றும் சமமாக இருக்க வேண்டும் என்று மூன்று லத்தீன் சொற்களில் ஒரு முழக்கமும் வைத்தார்கள். இடுப்பில் அன்றாடம் வைத்துக்கொள்ளும் துப்பாக்கியை, அன்றாடம் வைத்துக்கொள்ளும் உறையிலிருந்து எடுத்துச் சுட்டுப் பழக வேண்டும் என்பதுதான் அடிப்படை யோசனை.

ஆனால் போட்டி என்று ஒன்று வந்து, கோப்பை என்று ஒன்று வைத்துவிட்டால் மனிதன் சும்மா இருப்பானா? தோல் உறை மெல்ல மெல்லச் சுருங்கியது. முன்பக்கம் வெட்டப்பட்டது, பக்கவாட்டுச் சுவர் போனது, தோலுக்குப் பதில் கைடெக்ஸ் பிளாஸ்டிக் வந்தது. கடைசியில் உறை என்று சொல்லவே முடியாதபடி, டிரிகரைச் சுற்றியுள்ள வளையமான டிரிகர் கார்டை மட்டும் கவ்விப் பிடிக்கும் ஓர் எலும்புக்கூடு மிச்சம். 1996-இல் பில் வில்சன், கென் ஹேக்கத்தார்ன் உள்ளிட்ட சிலர் ‘இது நாம் ஆரம்பித்த விளையாட்டே இல்லை’ என்று தனியாகப் போய், தற்காப்புச் சுடுதலை மையமாக வைத்த ஐடிபிஏ என்ற அமைப்பைத் தொடங்கியதற்கு இந்தச் சாமான் போட்டி ஒரு முக்கியக் காரணம். ஐபிஎஸ்சி வேறு வழியில் போனது. எல்லாச் சாமானும் வைத்துக்கொள்ள ஓப்பன் டிவிஷன், கொஞ்சம் கட்டுப்பாட்டோடு ஸ்டாண்டர்ட், கம்பெனியிலிருந்து வந்தபடியே உள்ள துப்பாக்கிகளுக்குப் புரொடக்சன் என்று பிரித்துக்கொண்டது. பிரித்ததும் ஒவ்வொரு பிரிவுக்கும் எல்லை போட வேண்டி வந்தது. எல்லை போட்ட இடத்தில் வேலியைத் தாண்டிப் பார்க்கிறவர்களும் வந்தார்கள்.

முதலில் பாதுகாப்பு விதிகளைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் அவற்றில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. தோளில் மாட்டும் ஹோல்ஸ்டரும் தொடையில் கயிறு கட்டி இறக்கும் ஹோல்ஸ்டரும் ஐபிஎஸ்சி போட்டியில் கூடாது. துப்பாக்கிப் பிடியின் அடிமுனை பெல்ட்டின் மேல்விளிம்புக்குக் கீழே போகக் கூடாது. இயல்பாக நிற்கும்போது குழலின் வாய் நம் பாதத்திலிருந்து ஒரு மீட்டருக்கு அப்பால் உள்ள இடத்தைக் காட்டக் கூடாது. துப்பாக்கி உறையில் இருக்கும்போது டிரிகரை எதுவும் தொட முடியாதபடி ஹோல்ஸ்டர் தடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு மீட்டர் விதி. ஹோல்ஸ்டர் என்ன பிராண்டு, எந்தக் கோணத்தில் சாய்த்திருக்கிறார், தோலா பிளாஸ்டிக்கா, எதுவும் அதற்கு வேண்டாம். குழல்வாயிலிருந்து கண்ணால் ஒரு கோடு இழுத்து, அது தரையில் எங்கே விழுகிறது என்று பார்த்தால் போதும். ஸ்டேஜுக்குள் வேறு சாமான் இல்லாமல் ஓர் ஆபீசர் சரிபார்த்துவிடலாம். இதே அளவு போட்டியின் நடுவிலும் வருகிறது. இலக்குகள் இருக்கும் திசையைப் பார்த்து நின்று, உருவும்போதோ உறையில் போடும்போதோ குழல்வாய் பின்பக்கமாகப் பாதத்திலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் போனால் ஆட்டம் முடிந்தது, வீட்டுக்குக் கிளம்பலாம். கௌபாய் படம் பார்த்து வளர்ந்தவர்கள் முதல் நாளில் இங்கேதான் மாட்டுவார்கள்.

கீழே விழும் துப்பாக்கி பற்றிய விதியையும் சொல்லியாக வேண்டும். ஸ்டேஜின் நடுவில் துப்பாக்கி கீழே விழுந்தால், குண்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும், தகுதிநீக்கம். ஆனால் ஸ்டேஜுக்கு வெளியே, வண்டிக்கும் ரேஞ்சுக்கும் நடுவில் நடந்து போகும்போது உறையிலிருந்து வெற்றுத் துப்பாக்கி நழுவி விழுந்தால் அது குற்றமே இல்லை. விழுந்ததைக் குனிந்து எடுத்தால்தான் குற்றம்! ஆபீசரைக் கூப்பிட வேண்டும். அவர் வந்து எடுத்து, குண்டு இல்லை என்று பார்த்துவிட்டுத் தருவார். முதன்முறை கேட்கும்போது விசித்திரமாகத் தோன்றும். யோசித்தால் புரியும். விழுந்த பொருளைப் பதறிப்போய் எடுக்கும் கைதான் டிரிகரில் படும், குழலைத் தோழர்கள் பக்கம் திருப்பும். விதி போட்டவர்கள் ஹோல்ஸ்டரைத் திட்டவில்லை, மனிதனின் அனிச்சையைக் கணக்கில் எடுத்திருக்கிறார்கள்.

ரேஸ் ஹோல்ஸ்டர் என்று சொல்லப்படும் அந்த எலும்புக்கூட்டையும் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். பெல்ட்டில் ஒரு தகடு, தகட்டிலிருந்து வெளியே நீளும் ஒரு கை, கையின் நுனியில் டிரிகர் கார்டின் வடிவத்துக்குச் செதுக்கிய சின்னக் கட்டை. துப்பாக்கியை அதில் பொருத்தினால் ‘டக்’ என்று கவ்விக்கொள்ளும். குழலின் முனை கீழே ஒரு தாங்கியில் உட்காரும். பக்கத்தில் ஒரு பூட்டு நெம்புகோல். அதை ஒரு பக்கம் தள்ளினால் துப்பாக்கியைத் தலைகீழாகத் தொங்கவிட்டாலும் வராது, மறுபக்கம் தள்ளினால் விரலால் தூக்கினாலே வந்துவிடும். ஆபீசர் ‘மேக் ரெடி’ (தயாராகு) என்று சொன்னதும் சுடுகிறவர் தோட்டாக்கள் நிரப்பிய மேகசினைச் செருகி, ஸ்லைடை இழுத்து, சேஃப்டியைப் போட்டு, உறையில் பொருத்தி, கட்டைவிரலால் பூட்டைத் திறந்துவிட்டு, கையை இறக்கிக்கொள்வார். ஸ்டேஜ் முடிந்து, குண்டு இல்லை என்று காட்டி, உறையில் போட்டதும் மறுபடி பூட்டைப் போட வேண்டும். இதை மறந்துவிட்டு இலக்குகளில் விழுந்த ஓட்டைகளை ஒட்டி மூடப் போய்க் குனிகிறவர்களுக்காகத்தான் மேலே சொன்ன விழுந்த துப்பாக்கி விதி அடிக்கடி வேலை செய்கிறது.

இது வேகமா என்றால் வேகம்தான். ஆனால் நாம் நினைக்கிற காரணத்தால் இல்லை. சாதாரணக் கைடெக்ஸ் உறையில் குழலின் நீளத்துக்குத் துப்பாக்கியை மேலே இழுத்தாக வேண்டும், இதில் வேண்டாம், அதனால்தான் வேகம் என்பார்கள். ஆனால் துப்பாக்கி எங்கே போகிறது? இடுப்பிலிருந்து கண்மட்டத்துக்கு. எப்படியும் மேலேதான் போயாக வேண்டும். உறையிலிருந்து வெளியே வருவதற்காக ஏறும் உயரம் வீண் தூரம் இல்லை, போகிற வழிதான் அது. பெரிய லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. நீளும் கை துப்பாக்கியை உடம்பிலிருந்து தள்ளி வைக்கிறது, பிடியைக் கைக்கு வசதியான கோணத்தில் சாய்க்கிறது. சட்டையும் தொப்பையும் குறுக்கே வராமல் முழு உள்ளங்கையும் முதல் தொடுகையிலேயே பிடியில் உட்கார்ந்துவிடும். ஹோல்ஸ்டரின் வேகத்தில் பெரும்பங்கு அந்த இடைவெளியில்தான் என்பது என் அனுபவம். அதனால் விதிப்புத்தகம் ஹோல்ஸ்டரின் பெயரைப் பிடித்துக்கொண்டு தொங்காமல் அந்த இடைவெளியை அளந்தால் சரியான நரம்பைப் பிடித்ததாக அர்த்தம்.

அந்த வேகத்துக்கு எவ்வளவு மதிப்பு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 12 குண்டு சுடும் குட்டி ஸ்டேஜ் ஒன்று. எல்லாம் இலக்கின் நடுவில் உள்ள ஏ பகுதியில் விழுந்தால் 60 புள்ளி. 5 விநாடியில் முடித்தால் ஹிட் ஃபேக்டர் 12. ஹோல்ஸ்டரின் தயவில் 4.9 விநாடியில் முடித்தால் 12.24. இரண்டு சதவீத லாபம், லேசானது இல்லை. ஆனால் அந்த அவசரத்தில் ஒரே ஒரு குண்டு ஏ-யை விட்டு சி-யில் விழுந்தால், வலு குறைந்த தோட்டாக்களுக்கான மைனர் பவர் கணக்கில் இரண்டு புள்ளி போய் 58 ஆகிவிடும். 4.9-ஆல் வகுத்தால் 11.84. ரேஸ் ஹோல்ஸ்டர் இல்லாமல் பொறுமையாகச் சுட்டவருக்குக் கீழே போய்விட்டார். 32 குண்டு, 160 புள்ளி, 20 விநாடி ஆகும் பெரிய ஸ்டேஜில் அதே பத்தில் ஒரு விநாடி 8.00-ஐ 8.04 ஆக்கும், அவ்வளவே. ஹோல்ஸ்டர் மாற்றியதும் தரவரிசை மாறிவிட்டது என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் அதே சமயத்தில் பயிற்சியையும் கூட்டியிருப்பார்கள். அதைச் சொல்ல மாட்டார்கள்.

இனி தகராறின் நடுமையத்துக்கு வருவோம். ஐபிஎஸ்சி புரொடக்சனில் துப்பாக்கியும் மேகசின் பௌச்சுகளும் இடுப்பெலும்புக்குப் பின்னால் இருக்க வேண்டும். உடம்பிலிருந்து 50 மில்லிமீட்டருக்கு மேல் தள்ளி நிற்கக் கூடாது. போட்டியாளர் நிமிர்ந்து, இயல்பாக நிற்க, அவருடைய உடலுக்கும் பிடியின் நீளவாக்கில் நடுப்புள்ளிக்கும் உள்ள மிகக் குறைந்த தூரத்தை அளப்பார்கள். மேகசின்களுக்கும் இதே அளவு.

எழுத்தில் எவ்வளவு சுத்தமாக இருக்கிறது! களத்தில் நின்று அளந்து பாருங்கள். முதலில், ‘இயல்பாக’ என்ற சொல்லை யாரும் இயல்பாக எடுத்துக்கொள்வதில்லை. அளவுகோலை எடுத்ததும் ஒருவர் நெஞ்சை நிமிர்த்தி வயிற்றை எக்குவார், இன்னொருவர் வயிற்றைத் தள்ளிவிடுவார். எக்கினால் இடைவெளி கூடும், தள்ளினால் குறையும். விவரம் தெரிந்தவர்கள் தள்ளுவார்கள். "மூச்சை விடுங்கள், சாதாரணமா நில்லுங்கள்" என்று கெஞ்ச வேண்டியிருக்கும். அப்புறம் தளர்ந்த டீ-சர்ட். துணியை உடம்போடு அழுத்தி அளப்பதா, தொங்குகிறபடி அளப்பதா? சிலர் பெல்ட்டை இரண்டு அடுக்காகக் கட்டுவார்கள், உள்ளே ஒன்று, அதன் மேல் வெல்க்ரோவில் ஒட்டும் தடித்த வெளி பெல்ட். காலையில் இறுக்கிக் கட்டியது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு துளை தளரும். காலையில் 48 காட்டிய அதே ஹோல்ஸ்டர் மாலையில் 52 காட்டினால் நான் யாரைக் குறை சொல்ல?

இதற்கு விதியிலேயே ஒரு கனிவு வைத்திருக்கிறார்கள், அதைப் பலர் படிப்பதே இல்லை. ஸ்டேஜுக்குமுன் அளவு மீறியிருப்பது தெரிந்தால் உடனே சரிசெய்துகொள்ள வேண்டும், அதற்காகத் தண்டனை இல்லை. உடலமைப்பைக் கருதி, ஆபீசர்களுக்கு மேலே இருக்கும் ரேஞ்ச் மாஸ்டர் சலுகை தரலாம் என்றும் எழுதியிருக்கிறது. டிவிஷன் விதியை மீறியே சுட்டிருந்தால்தான் ஓப்பனுக்குத் தள்ளப்படுவார்கள். ரெட் டாட், துப்பாக்கியின் துள்ளலைக் குறைக்கும் கம்பன்சேட்டர் எல்லாம் வைத்தவர்களோடு வெறும் இரும்புக் குறிமுள்ளில் போட்டி போடும் நிலை. ஹோல்ஸ்டர் ஸ்க்ரூ ஒன்று தளர்ந்ததற்கு அது கொஞ்சம் கனமான தண்டனைதான்.

உடலமைப்பு என்று சொன்னேனே, என்னைக் கேட்டால் இந்த விவகாரத்தில் உருப்படியாகப் பேச வேண்டியது அதைத்தான். இடுப்பு குறுகி, அதன் கீழே அகன்று விரியும் உடம்பை நினைத்துக்கொள்ளுங்கள். பெல்ட் குறுகிய இடத்தில் இருக்கிறது. உறையின் கீழ்ப்பாகம் அகன்ற இடத்தில் முட்டி வெளியே தள்ளப்படுகிறது. கீழே வெளியே போனால் மேலே உள்ளே வரும். பிடி விலாவில் குத்தும். உடற்பகுதி குட்டையாகவும் இருந்துவிட்டால் துப்பாக்கிப் பிடி கிட்டத்தட்ட அக்குளுக்கு வந்துவிடும். உருவுவதற்கு முழங்கையைத் தோளுக்கு மேல் தூக்க வேண்டும். இது நேரத்தை மட்டும் தின்பதில்லை. அப்படி நெளிந்து உருவும்போது குழல்வாய் எங்கே திரும்புகிறது என்பதும் கவலைக்குரியது.

இதை உணர்ந்துதான் பெண் போட்டியாளர்கள் பெல்ட்டை இடுப்பெலும்பு மட்டத்தில் அணியலாம் என்று ஐபிஎஸ்சி அனுமதித்திருக்கிறது. எல்லையும் உண்டு: தொடையெலும்பு இடுப்போடு சேரும் மூட்டின் நடுவுக்குக் கீழே பெல்ட்டின் மேல்விளிம்பு இறங்கக் கூடாது. நல்ல விதி, உடற்கூறு தெரிந்த யாரோ எழுதியிருக்கிறார்கள். இதில் எனக்கு உறுத்துவது ‘பெண்’ என்ற சொல். எல்லாப் பெண்களுக்கும் அந்த உடலமைப்பு இல்லை. சில ஆண்களுக்கு இருக்கிறது. நெடிய மெலிந்த பெண்ணுக்குக் கிடைக்கும் சலுகை, குட்டையான உடற்பகுதியும் அகன்ற இடுப்பும் கொண்ட ஆணுக்குக் கிடையாது. அவர் ரேஞ்ச் மாஸ்டரிடம் போய் விளக்கம் சொல்லி அனுமதி கேட்க வேண்டும். நாலு பேர் முன்னால் தன் உடம்பின் வடிவத்தைப் பற்றிப் பேசி யாராவது அனுமதி வாங்குவார்களா? பேசாமல் விலாவில் குத்த விட்டுச் சுடுவார்கள், அல்லது விளையாட்டையே விட்டுவிடுவார்கள். மூட்டின் நடு என்ற அளவு ஏற்கெனவே கையில் இருக்கிறது. அதற்கு மேலே பெல்ட்டை யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டால் என்ன குடி முழுகிவிடும்?

"ஆண்கள் எல்லாரும் இறக்கிக் கட்ட ஆரம்பித்துவிடுவார்கள்" என்று ஒரு நண்பர் பயந்தார். கட்டட்டுமே. பிடியின் அடிமுனை பெல்ட்டுக்கு மேல் இருக்க வேண்டும், குழல்வாய் ஒரு மீட்டருக்குள் இருக்க வேண்டும், 50 மில்லிமீட்டர் தாண்டக் கூடாது. எல்லாம் அப்படியேதான் இருக்கிறது. எல்லாருக்கும் திறந்துவிட்ட லாபம் லாபமே இல்லை.

பெல்ட்டையாவது அளக்கலாம், ‘நிஜ வாழ்க்கை’யை எதை வைத்து அளப்பது? நான் அதிகம் முறுக்கிக்கொள்வது இந்த மூன்றாவது கவலையோடுதான். ஐடிபிஏ-யின் விதிகளில் ஹோல்ஸ்டர் மறைத்து அணியத் தக்கதாக, நாள் முழுக்க அணியத் தக்கதாக இருக்க வேண்டும் என்று உண்டு. நோக்கம் உன்னதம். ஆனால் ‘தக்கது’ என்பதை எந்த ஸ்கேலால் அளப்பது? கணினி முன்னால் நாள் பூரா உட்கார்ந்திருப்பவருக்குத் தக்கது வேறு, ஏணி ஏறி இறங்குகிறவருக்குத் தக்கது வேறு. அவர்களுக்கே இது தெரிந்திருக்கிறது. அதனால்தான் துப்பாக்கிக்கும் உடம்புக்கும் நடுவில் முக்கால் அங்குல விட்டமுள்ள கட்டைக் குச்சியை விட்டுப் பார்க்கும் சோதனையையும் வைத்தார்கள். குச்சி கீழே விழுந்தால் இடைவெளி அதிகம், நின்றால் சரி. பாருங்கள், ‘தக்கது’ என்ற சொல் செய்ய முடியாத வேலையைக் குச்சி செய்கிறது. ஆபீசருக்கும் போட்டியாளருக்கும் வாக்குவாதம் வர வழியே இல்லை. ஐபிஎஸ்சி-யின் அமெரிக்கப் பிரிவான யுஎஸ்பிஎஸ்ஏ-யும் தன் புரொடக்சனில் ரேஸ் ஹோல்ஸ்டர் கூடாது என்று சொன்னதோடு நிற்காமல், குண்டுக் கூடு வெளியேறும் துவாரத்துக்கு அரை அங்குலம் கீழே வரைக்கும் உறை ஸ்லைடை மூட வேண்டும் என்று ஓர் அளவும் வைத்தது. ‘ரேஸ்’ என்றால் என்ன என்று விவாதிப்பதைவிட அரை அங்குலத்தைப் பார்ப்பது எவ்வளவு எளிது.

ஐடிபிஏ-யின் மேலாடை விஷயமும் இப்படித்தான். துப்பாக்கியை மறைத்து ஒரு சட்டையோ ஜாக்கெட்டோ போட்டுக்கொண்டு சுட வேண்டும். நிஜத்தில் துப்பாக்கியை மறைத்து வைத்திருப்பவர் அப்படித்தானே இருப்பார்? ஆனால் போட்டிக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பல பாக்கெட் வைத்த கையில்லா வெஸ்ட் ஒன்றை மாட்டிக்கொண்டு வருவார்கள். வலது பாக்கெட்டில் கனமாக ஏதாவது இருக்கும். கையால் வீசினால் துணி பின்னால் பறந்து அங்கேயே நிற்க வேண்டுமே, அதற்காக. கடைத்தெருவில் ஒருவர் அந்த வெஸ்ட்டைப் போட்டுக்கொண்டு நடந்தால் இடுப்பில் என்ன வைத்திருக்கிறார் என்று பார்க்கிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்துவிடும். மறைப்பதற்காக வந்த ஆடை ஊருக்கே அறிவிக்கும் ஆடை ஆனது. நான் இதை நையாண்டிக்காகச் சொல்லவில்லை. விதி எதைக் கேட்கிறதோ அதற்கு ஏற்றபடிதான் விளையாடுகிறவர்கள் வளைவார்கள். யதார்த்தத்தைக் கேட்டால் யதார்த்தத்தின் வேஷம்தான் கிடைக்கும்.

வயிற்றின் முன்பக்கம், பெல்ட்டுக்கு உட்புறம் வைக்கும் அப்பெண்டிக்ஸ் ஹோல்ஸ்டர் கதை இதில் இன்னும் வேடிக்கை. மறைத்து எடுத்துச் செல்கிறவர்கள் இன்று பரவலாகப் பயன்படுத்துவது அது. ‘நிஜ வாழ்க்கை’ விளையாட்டான ஐடிபிஏ அதைத்தான் நீண்ட காலம் தடுத்து வைத்திருந்தது. குழல்வாய் தொடையையும் அதற்கு மேலான இடங்களையும் பார்க்கிறது என்பது காரணம். பயம் நியாயமானது, அந்த இடத்தில் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. ஆனால் ஆபத்து எந்தக் கணத்தில் வருகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் உருவும்போது இல்லை, திரும்ப உறையில் போடும்போது. சட்டை நுனியோ விரலோ டிரிகரில் மாட்டிக்கொள்வது அப்போதுதான். போட்டியில் குண்டு உள்ள துப்பாக்கியை உறையில் போடுவது ‘மேக் ரெடி’ சமயத்தில் மட்டுமே. அப்போது யாரும் கடிகாரம் ஓட்டுவதில்லை, குனிந்து பார்த்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். முடிவில் உறையில் போகும்போது துப்பாக்கி காலி. ஐடிபிஏ பிற்பாடு கதவைத் திறந்துவிட்டது. திறந்தது சரி என்பேன். கூடவே ‘உறையில் போடும்போது கண்ணால் பார்த்துப் போடு’ என்பதைப் பயிற்சியாளர்கள் பழக்கமாக்கட்டும்.

ஹோல்ஸ்டரில் இன்னொரு பாதுகாப்பு ஓட்டை இருக்கிறது, அதைப் பற்றி யாரும் சத்தம் போடுவதில்லை. குழலுக்கு அடியில் விளக்குப் பொருத்திய துப்பாக்கிகளுக்கான உறைகளில், விளக்கு நுழைய வேண்டும் என்பதற்காக வாயை அகலமாக விட்டிருப்பார்கள். அதனால் டிரிகர் கார்டின் பக்கத்தில் ஒரு சந்து விழும். சில உறைகளில் சுண்டுவிரல் அந்தச் சந்துக்குள் போய்விடும். டிரிகரைத் தொட முடியாதபடி இருக்க வேண்டும் என்ற விதி இதைத் தாராளமாகப் பிடிக்கிறது. ஆனால் உபகரணச் சோதனை மேசையில் 50 மில்லிமீட்டரை அளக்கும் சுறுசுறுப்பில் பாதிகூட இந்தச் சந்தைப் பார்ப்பதில் நான் கண்டதில்லை. பாதுகாப்பற்றது என்று ரேஞ்ச் மாஸ்டருக்குப் பட்டால் எந்த ஹோல்ஸ்டரையும் சரிசெய்யச் சொல்லலாம், முடியாவிட்டால் போட்டியிலிருந்தே விலக்கலாம். எந்தப் பிராண்டையும் கட்டாயப்படுத்த மட்டும் கூடாது. இவ்வளவு அதிகாரம் கையில் இருந்தும் நாம் இடைவெளிச் சண்டையில்தான் நேரத்தைப் போக்குகிறோம்.

இவ்வளவும் கேட்டுவிட்டு, "அப்போ எல்லாத்தையும் திறந்து விட்டுடலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. ஒரு மீட்டர், பெல்ட்டுக்கு மேல் அடிமுனை, மூடிய டிரிகர், இவை மூன்றிலும் ஒரு துளி விட்டுக்கொடுக்க மாட்டேன். 50 மில்லிமீட்டரும் இருக்கட்டும். ஆனால் சென்டிமீட்டர் டேப்பை வயிற்றில் வைத்துக் கண்ணை இடுக்கிப் பார்க்கும் கூத்து வேண்டாம், 50 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு கட்டையைச் செய்துகொண்டால் போதும். கட்டை உடம்புக்கும் பிடியின் நடுவுக்கும் இடையில் தாராளமாகப் போய்வந்தால் ஹோல்ஸ்டரை உள்ளே தள்ளச் சொல்வோம், மாட்டிக்கொண்டால் போகலாம். காலையும் மாலையும் வேறு வேறு ஆபீசர் பார்த்தாலும் பதில் பெரிதாக மாறாது.

எனக்கே இன்னும் முடிவாகாதது இடுப்பெலும்பு விதிதான். துப்பாக்கி விஷயத்தில் அது பின்னால் இருப்பதில் எனக்கு வருத்தமில்லை. மேகசின்களையும் பின்னால் தள்ளுவதில்தான் சந்தேகம். முன்பக்கம் இருந்தால் ரீலோட் வேகமாகும், புரொடக்சன் ஓப்பனைப் போல ஆகிவிடும் என்பது எதிர்த்தரப்பு. என்னோடு சேர்ந்து டைமர் பிடிக்கும் நண்பர் அந்தத் தரப்பில் உறுதியாக நிற்கிறார். மேகசினை எங்கே வைத்தாலும் கை அங்கே போய்த் திரும்ப வேண்டும், எல்லாருக்கும் ஒரே தூரம் என்றால் எங்கே இருந்தால் என்ன என்பது என் தரப்பு. ஆனால் அவர் கேட்ட ஒரு கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை: அப்படியானால் துப்பாக்கியை மட்டும் ஏன் பின்னால் வைக்கச் சொல்கிறாய்?